இடது காது நுனி

எனக்கு உட்காரத் தெரியாது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் ஏறி நின்றால் பட்டனை அழுத்தாமலே லிஃப்ட் மேலும் கீழும் போகும் என்பார். இருபது வருஷமாக இதே ஜோக். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அதை அவர் மறுபடி சொன்னபோது, கையிலிருந்த போனை அவர் தலையில் போட்டிருப்பேன். போன் தேவைப்பட்டதால் தப்பித்தார்.

போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. கூப்பிடுவது பண்ணைக்காரர். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவருடைய மாட்டுக்கொட்டகையில் இரண்டு பூனைகளைக் குடிவைத்துவிட்டு வந்திருந்தோம். சனிக்கிழமை மட்டும் நாலு தடவை கூப்பிட்டார். ஒரு பூனை ஓயாமல் கத்துகிறது, எதையும் தின்னவில்லை, கம்பியில் மோதி மூக்கில் ரத்தம் என்று ஒவ்வொரு தடவையும் அதே சமாச்சாரம். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். முதல் நாலு நாள் எல்லாப் பூனையும் அப்படித்தான், கூண்டுமேல் ஒரு துணியைப் போடுங்கள், என்ன ஆனாலும் திறக்காதீர்கள். ஐந்தாவது தடவையாக மணி அடித்தபோது எடுக்கப் பிடிக்காமல் சமையலறைக்கும் மாடிப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன், மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். மிச்ச நேரத்துக்கு இரண்டு பேருக்கும் தெருப்பூனைகள். பஸ் டிப்போவை ஒட்டி ஒரு பழைய மரக்கிடங்கு, மூடிப் பல வருஷம் ஆகிறது. அதில் பதினாலு பூனைகள் இருந்தன. இடத்தை விற்றுவிட்டார்கள், திங்கட்கிழமை இடிக்க மிஷின் வரும் என்று போன மாதம் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

இவை மடியில் ஏறிப் படுக்கிற ஜாதி இல்லை. மனிதக் கை பட்டதே கிடையாது. கிட்டப் போனால் கிழித்துவிடும். வீட்டுக்குள் விட்டால் திரைச்சீலைக்குப் பின்னாலேயே ஆயுசை முடித்துக்கொள்ளும். அதனால் பண்ணைகளாகத் தேடினோம். வைக்கோல் கொட்டகை, தீவனக் கிடங்கு, குதிரை லாயம், எலி எங்கெல்லாம் தொல்லை கொடுக்கிறதோ அங்கெல்லாம் கேட்டோம். பூனைக்குக் கூரையும் வேளைக்குச் சாப்பாடும், பண்ணைக்கு எலி இல்லாத ராத்திரி. யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் கொண்டுபோய் அப்படியே அவிழ்த்துவிட முடியாது. விட்டால் வந்த வழியைத் தேடி ஓடி எங்காவது ரோட்டில் அடிபடும். கொட்டகைக்குள்ளேயே பெரிய கூண்டில், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டியோடு, இருபத்தொரு நாள் வைக்கவேண்டும். அதற்குள் அந்த இடத்தின் வாசனையும் சத்தமும் பழகி, திறந்துவிட்டாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும். தனியாக விட்டால் ஏங்கும் என்பதால் ஜோடியாகத்தான் தருவோம். இதையெல்லாம் ஒரு தாளில் நானே எழுதி ஒவ்வொரு கூண்டிலும் ஒட்டியிருந்தேன். கடைசி வரி கொட்டை எழுத்தில் இருக்கும்: என்ன கத்தினாலும் திறக்காதீர்கள்.

அந்த வரியில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மனசு இளகிப்போய் முதல் வாரமே திறந்துவிட்டு, அப்புறம் பூனையைக் காணோம் என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பண்ணைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்வோம். மயக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தாலே இதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரியும், இரண்டாம் முறை பிடித்து அறுக்கவேண்டாம். பூனைக்காரர்கள் எல்லோருக்கும் இது பாஷை. நாங்கள் பூனையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைத்தான் பார்ப்போம்.

பதிமூன்று பூனைகளைப் பிடித்தாயிற்று. பதினாலாவதுதான் இன்ஸ்பெக்டரம்மா. சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருப்பாள். தினமும் சாயந்தரம் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வருவாள். ஒரு மாதமாகப் பொறிக்கூண்டுக்குள் காலை வைக்காமல் போக்குக்காட்டியவள், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பசி தாங்காமல் உள்ளே போய் மீனை எடுத்தாள். கதவு விழுந்தது. நான் குனிந்து காதைப் பார்த்தேன். இடது காதில் நுனி இல்லை.

யாரோ முன்னமே பிடித்து ஆபரேஷன் செய்து விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு வாயெல்லாம் பல். டாக்டரிடம் புதன்கிழமை வரைக்கும் இடமில்லை, திங்கட்கிழமை மிஷின். நேராகப் பண்ணைக்கே கொண்டுபோய்விடலாம். அங்கே போவதற்கு ஏற்கெனவே மாப்பிள்ளை தயாராக இருந்தான். மாப்பிள்ளை என்றால் தின்பதும் தூங்குவதும் தவிர வேறு ஜோலி இல்லாத ஒரு வெள்ளைக் கடுவன். அவனுக்கு ஜோடியும் ஆயிற்று, எனக்குப் பதினாலுக்குப் பதினாலும் ஆயிற்று.

நாத்தனார்தான் இழுத்தாள். நம்ம டாக்டர் வெட்டினால் கத்தரித்த மாதிரி நேராக இருக்குமே, இது கோணலாக இருக்கிறதே அண்ணி என்றாள். சண்டையில் கிழிந்ததாக இருந்தால்? ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்பலாமே. அதுவரைக்கும் என் ரூமிலேயே வைத்துக்கொள்கிறேன்.

எல்லா டாக்டரும் ஸ்கேல் வைத்தா வெட்டுவார்கள் என்று நான் கேட்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். அவள் கூண்டைத் தூக்கி வண்டியில் வைத்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான். அந்தக் கூண்டுக்குள் இன்னும் ஒரு சாண் கீழே பார்த்திருந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாவது ரிங்கில் போனை எடுத்தேன். பண்ணைக்காரர் நிதானமான மனுஷன், மாட்டிடம் பேசுகிற மாதிரியே மனிதர்களிடமும் பேசுவார். அன்றைக்கு அந்தக் குரலில் நிதானம் இல்லை.

"அம்மா, நீங்க எழுதி ஒட்டினதை மீறக் கூடாதுன்னுதான் ரெண்டு நாளா பொறுத்தேன். இப்ப அது கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுது. வயித்தப் பாத்துட்டேன். இருபத்தஞ்சு வருஷமா மடி பாக்கிறவன் நான். காம்பெல்லாம் பால் கட்டி கல்லு மாதிரி இருக்கும்மா. குட்டி போட்டு மூணு வாரம்கூட இருக்காது."

லைனில் இருக்கிறீர்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. நான் விரல்விட்டு எண்ணினேன். முப்பத்தேழு மணி நேரமாகக் குட்டிகள் எங்கேயோ பாலில்லாமல் கிடக்கின்றன. மூன்று வாரக் குட்டிக்கு வேறு எதுவும் தின்னத் தெரியாது. இரண்டு நாள் தாங்குவதே அதிகம். தாய் இரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்தி அதைத்தான் சொன்னாள். துணியைப் போட்டு மூடுங்கள் என்று சொன்னது நான்.

மாடிக்கு ஓடினேன். நாத்தனார் தலையில் துண்டோடு கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் டார்ச்சையும் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினாள்.

ஆறரை மணிக்கெல்லாம் மரக்கிடங்கில் இருந்தோம். பாதிக் கூரையை ஏற்கெனவே பிரித்திருந்தார்கள். மறுநாள் வேலைக்கு மிஷின் வாசலிலேயே வந்து நின்றது. பலகை அடுக்கு ஒவ்வொன்றாக, மரத்தூள் மூட்டை ஒவ்வொன்றாக, பழைய ஆபீஸ் அறையின் இழுப்பறைகள்வரை பார்த்தோம். நான் ஒரு மூலையைப் பாதி பார்ப்பதற்குள் அடுத்த மூலை ஞாபகம் வந்து அங்கே ஓடுவேன், பாதியில் விட்டது உறுத்தித் திரும்பி வருவேன். நாத்தனார் ஒரு சுவரிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வந்தாள். பதறாத காரியம் சிதறாது என்று சொல்வார்கள். சொல்வதற்கென்ன.

ஒன்பது மணி ஆகியும் ஒரு குட்டியின் முனகல்கூடக் கேட்கவில்லை. ஆள் அரவம் கேட்டால் குட்டிகள் மூச்சுவிடாது, அப்படித்தான் தாய் பழக்கியிருப்பாள். இரண்டு பேரும் மரத்தூளில் புரண்ட கோலத்தில் நின்றோம்.

"அவளுக்குத்தான் தெரியும் அண்ணி. அவளை வரவச்சிடலாம்."

கூண்டிலிருந்து எடுத்தால் வழியிலேயே தப்பித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் இழுத்தேன். இத்தனைக்கும் பிறகு அந்தத் தாளை விட எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. நாத்தனார் மரத்தூளைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். கூண்டுக்குள் இருக்கும் மரப்பெட்டிக்குள் அவள் போனதும் அதன் கதவை அடைத்து, பெட்டியோடு கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அரைமணி முன்பே அடைத்து வண்டியில் ஏற்றிவிட்டேன், நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று தெரியும் என்றார்.

அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கிடங்கை எத்தனை தடவை சுற்றினேன் என்று கணக்கில்லை. நாத்தனார் ஒரு பலகையில் உட்கார்ந்து, நீங்க நடக்கிற சத்தத்துல குட்டி கத்தினாலும் கேக்காது என்றாள். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

பதினொன்றேகாலுக்குப் பால்வண்டி வந்தது. பண்ணைக்காரர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்து வாசலில் வைத்தார். தாய் ஒரு குரல் கொடுத்தால் குட்டிகள் பதில் கொடுக்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்பது எங்கள் கணக்கு. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு நாளாகப் பண்ணையையே தூங்கவிடாதவள் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக் கிடங்கின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தோம். ஓட்டை வழியாகப் பார்த்தேன். கண்ணை அகல விரித்து, காதுகளை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி ஒரு வழிதான் இருந்தது. பெட்டியைத் திறந்தால் அவள் குட்டிகளிடம் ஓடுவாள். ஆனால் ஒரு தடவை பொறியில் சிக்கிய பூனை மறுபடி சிக்காது. நாங்கள் பின்தொடர முடியாத பொந்துக்குள் அவள் போய்விட்டால், நாளைக் காலையில் மிஷின் தாயையும் குட்டிகளையும் சேர்த்து முடித்துவிடும். திறக்காவிட்டால் குட்டிகள் இன்றைக்கே போய்விடும், தாயாவது மிஞ்சுவாள். பூனைக்கு மணி கட்டுவது யார் என்கிற கதையாக மூன்று பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்கள் இரண்டு பேரும் பெட்டியைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார்கள்.

தாளை எழுதியது நான், காதைப் பார்த்தது நான். குனிந்து கொக்கியைத் தூக்கினேன்.

சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. நாங்கள் இரண்டரை மணி நேரம் குடைந்த பலகை அடுக்குகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவரை நோக்கி ஓடினாள். ஒரே தாவு. சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் பஸ் டிப்போ. சாப்பாட்டுக்கு அவள் கிடங்குக்கு வந்தாள் என்றால் குட்டிகளும் கிடங்கில்தான் இருக்கும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அவளோ சாப்பாடு ஒரு இடம், பிரசவம் ஒரு இடம் என்று விவரமாக இருந்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் பஸ்ஸுக்கு டயர் மாற்ற அவள் அடிக்கடி வருகிற டிப்போ அது. காவலாளிக்கு அவளைத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும், பின்னால் கழித்துக்கட்டிய பஸ்கள் நிற்கின்றன, ஒரு வரிப்பூனை அங்கே போவதைப் பார்த்திருக்கிறேன் என்று கையைக் காட்டினார்.

சக்கரமில்லாத பஸ்கள் ஆறு நின்றன. ஐந்தாவது பஸ்ஸில் மட்டும் முன்கதவும் பின்கதவும் திறந்து கிடந்தன. நான் செருப்பில்லாத காலோடு பின்கதவு வழியாக ஏறினேன். ஏறியதும் கேட்டது. சன்னமாக, துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். குட்டிகள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பிய்ந்துபோன பஞ்சு மெத்தைக்குள் அவள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். வயிற்றில் மூன்று குட்டிகள் முட்டிமுட்டி இழுத்துக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தன. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சீறினாள். நான் அப்படியே கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். எழுந்திருக்காதீங்க என்று கையால் சைகை காட்டினாள். நான் அசைந்தால் தாய் மிரண்டு குட்டியைக் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவாள், அப்புறம் ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது. பண்ணைக்காரர் முன்கதவைச் சத்தமில்லாமல் அடைத்தார், காவலாளி பின்கதவை. இந்த பஸ்ஸை இன்னும் ஒரு மாதத்துக்கு யாரும் தொடமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கிசுகிசுப்பது கேட்டது. நாத்தனார் வெளியிலிருந்தே ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடிக்கொண்டு வந்தாள். பஸ்ஸே கூண்டாயிற்று. உள்ளே ஒரு தாயும் அவள் குட்டிகளும், அவர்களோடு நானும்.

என் பக்கத்து ஜன்னல்தான் கடைசி. நாத்தனார் கண்ணாடியில் கை வைத்தபோது நான் மெதுவாகச் சொன்னேன்.

"நீ சொன்ன. நான்தான் கேக்கல."

"ஆமா அண்ணி," என்றாள். கண்ணாடியைத் தள்ளி மூடினாள்.

அப்புறம்தான் நாலாவதைப் பார்த்தேன். மெத்தையின் ஓரத்தில் கிடந்தது. மற்றவற்றைவிடச் சின்னது, தாயைப் போலவே வரிவரியாக. ஒட்டிப்போன வயிறு அசையவில்லை. எப்போது போயிற்றோ தெரியாது. சனிக்கிழமை பண்ணைக்காரர் முதல் தடவை கூப்பிட்டபோதே நான் கிளம்பியிருந்தால் இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. அதற்கு யார் என்ன சமாதானம் சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

மூன்றும் குடித்துத் தூங்கிய பிறகு அவள் எழுந்தாள். நாலாவதின் கழுத்தைக் கவ்வி வயிற்றருகே கொண்டுவந்து போட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நாக்கால் முகத்தை, காதை, முதுகை நக்கிவிட்டாள். மறுபடி கவ்வி இன்னும் கிட்டத்தில், காம்பருகே வைத்தாள். அது சரிந்தது. திரும்ப எடுத்து வைத்தாள். விரிசல்விட்ட கண்ணாடி வழியாக விழுந்த வெயில் சீட்டுச்சீட்டாக நகர்ந்து என் காலுக்கு வந்தது. எழுந்து போய் அதை எடுத்துவிடலாமா என்று உடம்பெல்லாம் பரபரத்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளாக விடட்டும்.

இரண்டு நாளாக ஓயாமல் கத்தியவள் இப்போது கத்தவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.